டயருக்கு வயிறு தெரியக் கூடாது

உதை

வண்டி எடுக்க வந்த சுபேதார் ஐயா முதலில் செய்த காரியம், முன் டயரை எட்டி உதைத்தது. ஆயில் மாற்றியாயிற்றா என்று கேட்கவில்லை, பிரேக் பார்த்தாயிற்றா என்று கேட்கவில்லை. ஓர் உதை. பிறகு குனிந்து, டயர் தரையைத் தொடும் இடத்தை உற்றுப் பார்த்தார்.

"என்னப்பா இது, வயித்தத் தள்ளிக்கிட்டு நிக்குது? இதுக்குப் பேரு சர்வீஸா?"

நாலைந்து வருடத்துக்கு முன், தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. ராஜபாளையத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் இருந்த ஒரு கார் டீலரிடம் நான் சர்வீஸ் சூப்பர்வைசர். எண்பதுகளில் எங்களிடம் வந்த கார்களில் எல்லாம் நைலான் டயர். பக்கச் சுவர் விறைப்பாக நிற்கும். அப்புறம் ரேடியல் டயர் வந்தது. அதில் சரியான காற்று இருக்கும்போதே அடிப்பக்கம் கொஞ்சம் பிதுங்கும். அதைச் செய்தவர்கள் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எவ்வளவு காற்று வைக்க வேண்டும் என்று டிரைவர் பக்கக் கதவின் உள்ளே ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். சுபேதாரின் காருக்கு இருபத்தாறு பவுண்டு.

எங்கள் ஊருக்கு அந்தப் பிதுக்கம் பிடிக்கவில்லை. அதற்கு வயிறு என்று பெயர் வைத்தார்கள். வயிறு தெரிந்தால் காற்று இல்லை, காற்று இல்லையென்றால் சர்வீஸ் சரியில்லை. வாடிக்கையாளர் முதல் வாட்ச்மேன் வரை இதில் ஒரே கருத்து. ஃபோர்மேன் முருகேசனுக்கு உண்மை தெரியும். தெரிந்ததை வெளியே சொல்லாமல் அவர் நிம்மதியாக வேலை பார்த்தார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குச் சத்தம் கேட்டு முதலாளியே வெளியே வந்துவிட்டார். அவர் பேண்டேஜ் துணி வியாபாரத்திலிருந்து கார் வியாபாரத்துக்கு வந்தவர். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அப்போது எனக்குத் தெரியவில்லை.

"ஏம்ப்பா ஞானராஜ், டயர்ல காத்து இல்லையா?"

"இருக்கு முதலாளி. இருபத்தாறு. கம்பெனி சொன்ன அளவு."

"கம்பெனிக்காரனா இங்க வண்டி எடுக்க வாரான்? ஐயா பட்டாளத்துல வண்டி ஓட்டுனவரு. அவரு கண்ணு பொய் சொல்லுமா?"

"மூணு டன் வண்டியப் பனியில ஓட்டுனவன் நானு" என்றார் சுபேதார். "டயருன்னா கல்லு மாதிரி நிக்கணும்."

"அது லாரி டயருங்க ஐயா."

"டயருல என்னப்பா லாரி, காரு? எல்லாம் ரப்பருதான்."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, டயருக்கு எதிரே உட்கார்ந்தார். "முருகேசா, வயிறு தெரியாம அடி."

முருகேசன் அடித்தார். முதலாளியின் கண்தான் காற்றை அளக்கும் கேஜ். "இன்னும் செத்த... இன்னும்... ஆங், இப்பப் பாரு, எப்பிடி நிமிந்து நிக்குது." அவர் எழுந்து போன பிறகு நிஜக் கேஜை வைத்துப் பார்த்தேன். முள் நாற்பத்தைந்தைத் தாண்டி நின்றது. நான்கு டயரும் அப்படியே.

சுபேதார் மறுபடி ஓர் உதை விட்டார். இந்த முறை கால் விரல் வலித்திருக்க வேண்டும். முகம் சுருங்கியது. அந்த வலியில்தான் அவருக்குத் திருப்தி வந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, நசுக்கி, வண்டியை எடுத்துப் போனார்.

வேறு யார் வண்டியாக இருந்தாலும் நானும் முருகேசனைப் போல வாயை மூடிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போயிருப்பேனோ என்னவோ. சுபேதாரின் பேத்தியும் என் மகள் ஜெயாவும் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே பள்ளியில் பத்தாம் வகுப்பு. தினமும் இரண்டு பேரையும் அந்தக் காரில்தான் அவர் கொண்டுபோய் விடுவார்.

வீட்டில் விவாதம்

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். காற்று அளவுக்கு மீறினால் டயர் நடுவில் மட்டும் ரோட்டைத் தொடும். இரண்டு ஓரமும் அந்தரத்தில் நிற்கும். காய்ந்த ரோட்டில் வண்டி குதிக்கும், அவ்வளவுதான். ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. அது ஐப்பசி மாதம். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு நின்றது.

என் மனைவி ரூபி கேட்டாள். "முதலாளிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"பொறவு?"

"பொறவு காத்து கூடிப்போச்சு."

"அப்ப பிள்ளைய பஸ்ல அனுப்புங்க."

ஜெயா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பஸ்ல நிக்கவே எடமில்லப்பா. நாளைக்குப் பரீட்சை. கார்ல படிச்சிக்கிட்டே போயிருவோம். எங்க சயின்ஸ் மிஸ்கூட காத்தப் பத்தி இம்புட்டு நேரம் பேசுனதில்ல."

காற்றுத் திருடன்

சுபேதார் காலையில் டீக்கடைக்குப் போகிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். கார் தெருவில் நின்றது. குனிந்து உட்கார்ந்து, வால்வு மூடியைக் கழற்றி, ஊசியை அமுக்கினேன். உஸ்ஸென்று காற்று போனது. கேஜ் வைத்தேன். இன்னும் கொஞ்சம். இருபத்தாறு. முன் டயர் இரண்டும் முடிந்தன. பின்பக்கம் போய் உட்கார்ந்தபோது என் கழுத்தில் சூடாக மூச்சு பட்டது.

அவர் வளர்த்த வெள்ளை நாய். குரைத்திருந்தால் எழுந்து ஓடியிருப்பேன். அது குரைக்கவில்லை. என் பிடரிக்கு நேரே வாயை வைத்துக்கொண்டு, எஜமான் வரட்டும் என்று பொறுமையாக நின்றது. நானும் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

சுபேதார் வந்தார். "யாருலே அது?" என்றவர் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "சூப்பர்வைசரா? பெட்ரோல் திருடுனவனப் பாத்திருக்கேன். டயரையே கழட்டிட்டுப் போனவனப் பாத்திருக்கேன். காத்தக் களவாங்க வந்தவன இப்பத்தாம்ப்பா பாக்கேன்."

"ஐயா, எம்பிள்ள இதுலதான போறா."

"எம்பேத்தி மட்டும் என்ன, மாட்டு வண்டியிலயா போறா?"

அவரும் அந்தப் பிள்ளையை நேசித்துத்தான் டயரைக் கல்லாக்கி வைத்திருந்தார். ஸ்டிக்கரைக் காட்டினேன். கண்ணாடி உள்ளே இருக்கிறது, இப்போது வாசிக்க முடியாது என்றார். தெருவில் நான்கு பேர் கூடிவிட்டார்கள். பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவர், "ராத்திரி எங்க சைக்கிள்ல காத்து எறங்கிக் கெடந்துச்சு, அதும் இவருதானோ" என்றார். நாயைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன்.

சுபேதார் நேரே பெட்ரோல் பங்குக்குப் போய், முன் டயர் இரண்டிலும் பழையபடி அடிக்கச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து என் வீட்டுக்குப் போய் ஜெயாவை ஏற்றிக்கொண்டார். நான் எங்கள் தெருவில் பாதி வரும்போதே கார் என்னைக் கடந்தது. உள்ளே இருந்து ஜெயா கையாட்டினாள். நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. தூறல் ஆரம்பித்திருந்தது. நான்கு டயரும் வயிறே இல்லாமல், உருண்டையாக, பார்க்க அழகாக இருந்தன.

கண்மாய்க்கரை

ஒர்க்ஷாப்புக்குப் போன் வந்தது. எடுத்த முருகேசன் ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, "ஏறுங்க சார்" என்றார்.

இரண்டு ஊருக்கும் நடுவே, சாலை ஒரு கண்மாய்க்கரையை ஒட்டிப் போகிற இடம். ஸ்ரீவில்லிபுத்தூர் பார்த்துப் போன கார் ராஜபாளையத்தைப் பார்த்து நின்றது. பின்பாதி கரைச் சரிவில் இறங்கியிருந்தது. ஒரு கருவேலம் புதர் அதைப் பிடித்து வைத்திருந்தது. புதருக்குக் கீழே தண்ணீர். அந்த வருடம் கண்மாய் நிறைந்திருந்தது.

சுபேதார் மழையில் நனைந்துகொண்டு நின்றார். "எருமை குறுக்க வந்திருச்சுப்பா. பிரேக்கப் புடிச்சேன். வண்டி கேக்கல. சோப்பு வழுக்குன மாதிரி அதுபாட்டுக்குச் சுத்திப் போகுது." கையால் சுற்றிக் காட்டினார்.

பேத்திக்கு மூக்குக் கண்ணாடி உடைந்ததோடு போயிற்று. ஜெயாவுக்குத் தாடை கிழிந்திருந்தது. யாரோ ஒரு டிராக்டர்காரர் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். நான் போனபோது தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். தாடையை அசைக்கக் கூடாது என்று சொல்லியும், "பரீட்சை முடிஞ்சிருக்குமாப்பா" என்று கேட்டாள். அவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். இன்றைக்கும் மழைச் சத்தம் கேட்டால் அவள் எங்கே என்று விசாரித்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை.

மதியம் முதலாளி ஆப்பிளோடு வந்தார். ஜெயாவின் தாடைக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "துணி நம்ம தறியில ஓடுனதுதான்" என்றார். பிறகு என் தோளில் கைபோட்டு, "நம்ம சர்வீஸ் பண்ணுன வண்டி ஞானராஜ். அதான் இம்புட்டோட போச்சு" என்றார்.

மறுநாள் விசாரணை வைத்தார். டெலிவரி அன்று ஒரு எலுமிச்சம்பழம் சரியாக நசுங்கவில்லை என்று வாட்ச்மேன் சாட்சி சொன்னார். இனிமேல் பெரிய பழமாக வாங்க வேண்டும் என்று முடிவாயிற்று. காற்றைப் பற்றி நான் வாயைத் திறந்ததும், "ஒஞ்சங்கடம் எனக்குப் புரியுது, அதுக்காக வயிறு தெரிஞ்சா எவன் வண்டி எடுப்பான்?" என்றார்.

வழி கண்டுபிடித்தவர் முருகேசன். அதுவரை வாய் திறக்காதவர், "டெலிவரி குடுக்கிற எடத்துல ஆத்து மணல் விரிச்சிருவோம் முதலாளி. பாக்க லட்சணமா இருக்கும்" என்றார். முதலாளிக்கு லட்சணம் பிடிக்கும். இரண்டு வண்டி மணல் வந்து இறங்கியது. அதில் நிறுத்தினால் டயரின் அடிப்பக்கம் புதைந்துவிடும். அன்றிலிருந்து எங்கள் கார்கள் சரியான காற்றோடு வெளியே போயின. யாரும் குறை சொல்லவில்லை. "இப்பத்தான் ஒழுங்கா காத்து அடிக்கீங்க" என்று பாராட்டியவர்கள்கூட உண்டு.

பஸ்

தையல் பிரித்த பிறகு ஜெயாவை பஸ்ஸில் அனுப்ப முடிவு செய்தோம். ஏற்றிவிடப் போனவன் பழக்க தோஷத்தில் குனிந்து டயரைப் பார்த்தேன். கோடுகளே இல்லை. மழுமழுவென்று மொட்டையாக இருந்தது.

கண்டக்டர் படியில் நின்று, "சார், ஏறுதீங்களா, டயர வெல பேசுதீங்களா?" என்றார்.

ஜெயாவின் கையைப் பிடித்து நேரே சுபேதார் வீட்டுக்கு அழைத்துப் போனேன். எங்கள் ஒர்க்ஷாப்பில் சரிசெய்து வந்த கார் வாசலில் நின்றது. அவர் அன்றைக்கு வரை அதைத் தொடவில்லையாம். ஜெயாவின் தாடையைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, கண்ணாடிய எடுத்துட்டு வாங்க" என்றேன்.

எடுத்து வந்தார். கதவைத் திறந்து ஸ்டிக்கரை வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். கேஜை அவர் கையில் கொடுத்தேன். முட்டி வலிக்க உட்கார்ந்து, அவரே வால்வில் வைத்து அழுத்தினார். முள்ளைப் பார்த்தார்.

"இருபத்தாறுதான் காட்டுது."

"ஆமா."

"வயிறு தெரியுதேப்பா."

"தெரியட்டும் ஐயா."

அவருக்கு அது இன்னும் உறுத்தியது. டயரைப் பார்க்காமல் மற்ற மூன்றிலும் கேஜை மட்டும் வைத்துப் பார்த்தார். பிறகு இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சர்வீஸ் முடிந்த வண்டியில் காற்றைச் சரியாக வைத்தால் மட்டும் போதாது. அளவை வாயால் சொன்னால் வாடிக்கையாளர் தன் கண்ணைத்தான் நம்புவார். கேஜை அவர் கையிலேயே கொடுங்கள். வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் கொடுங்கள். அவர் வாயால் அளவைச் சொன்ன பிறகு சாவியைக் கொடுங்கள்.

அன்றைக்குச் சுபேதார் அப்படிச் சொன்ன பிறகுதான் வண்டி கிளம்பியது. தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஒர்க்ஷாப் வந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, பிள்ளைகள் வந்துவிட்டார்களா என்று கேட்டேன். வந்துவிட்டார்கள். மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாள் நான் பேசத் தொடங்கும் முன்பே போனை எடுத்த பள்ளி ஆபீஸ் அம்மா, "வந்துட்டாங்க சார்" என்று சொல்லிப் போனை வைத்தார்.