சோடியத்தின் இரண்டாவது எலக்ட்ரான்

போடில் கிராவ் கணவனிடம் பொய் சொல்லிவிட்டுத்தான் பரீட்சைக்கு வந்திருந்தாள். வேதியியல் வாய்மொழித் தேர்வு அடுத்த வாரம் என்று பிரேபெனை நம்ப வைத்திருந்தாள். உண்மையில் இன்றுதான்.

கடைசித் தேர்வு என்றால் டென்மார்க்கின் இந்த எஸ்பியர் ஊரில் வீட்டு ஆட்கள் சும்மா இருக்க மாட்டார்கள். சின்னச் சின்னக் கொடிகளோடு தேர்வறைக்கு வெளியே கூடிவிடுவார்கள். தேறி வருகிறவர் தலையில் அங்கேயே பட்டதாரிகளுக்குரிய வெள்ளைத் தொப்பியை வைத்துக் கூத்தடிப்பார்கள். தேறாமல் வந்தால் அதே கூட்டம்தான் அதையும் நின்று பார்க்கும். அதைத் தவிர்க்கத்தான் போடில் தேதியை மாற்றிச் சொன்னாள்.

தேறாமல் வெளியே வருவது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. இளம் பெண்ணாக இருந்தபோது இதே ஊரில் கேள்விச் சீட்டை எடுத்துவிட்டு, வாயே திறக்காமல் வெளியே வந்தவள். காத்திருந்த அப்பா கோபப்படவில்லை. மறுநாளே மீன் ஆலையில் அவளுக்கு வேலை பேசிவிட்டு வந்தார். அப்படி நல்ல மனுஷர்! அன்று முதல் மீன் வெட்டி வயிறு வளர்த்தவளுக்கு, ஐம்பதை நெருங்கும்போது ஆலையின் சோதனைக்கூடத்துக்குப் போகும் ஆசை வந்தது. அதற்கான படிப்பில் சேர இந்தத் தேர்வு வேண்டும். இதுவும் போனால் மறுபடி எழுந்து வர மாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

மேஜையில் கவிழ்த்திருந்த சீட்டுகளில் ஒன்றை எடுத்தாள். சோடியம், மக்னீசியம்: அடுத்தடுத்த அயனியாக்கும் ஆற்றல்களை ஒப்பிடுக. தயாரிக்கக் கொடுத்த நேரத்தில் பாதி, கேள்வியைத் திரும்பத் திரும்பப் படிப்பதிலேயே போயிற்று.

உள்ளே ஆசிரியை விபெகேயும், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். போடில் கரும்பலகையில் எலக்ட்ரான் அமைப்புகளை எழுதினாள். சோடியத்துக்கு வெளிக்கூட்டில் ஒன்று, மக்னீசியத்துக்கு இரண்டு.

"முதல் எலக்ட்ரானை எடுக்க மக்னீசியத்துக்குத்தான் அதிக ஆற்றல் வேணும். அதோட அணுக்கரு இன்னும் பலமா இழுக்குது."

"சரி. ரெண்டாவதுக்கு?" என்றார் தேர்வாளர்.

"சோடியத்துக்கு," என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

உடனே அவர் குனிந்து தாளில் ஏதோ குறித்தார்.

போச்சு என்று நினைத்தாள். முதலில் ஜெயித்த மக்னீசியம் இரண்டாவதில் எப்படித் தோற்கும்? அவசரமாக அழிப்பானை எடுத்து, எழுதியதைத் துடைத்து, மக்னீசியம் என்று மாற்றினாள்.

விபெகே கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏம்மா அழிச்சீங்க?" என்றார் தேர்வாளர்.

"நீங்க... குறிச்சீங்களே."

"நான் எல்லாருக்கும்தான் குறிப்பேன். நாளைக்கு யாராவது மார்க் போதலைன்னு சண்டைக்கு வந்தா காட்டணுமே. என் பேனாவை விடுங்க. பலகையைப் பாருங்க."

பார்த்தாள். சோடியத்தின் ஒற்றை எலக்ட்ரான் போன பிறகு எஞ்சியிருப்பது நிறைந்த உள்கூடு. அடுத்ததை அதை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். மக்னீசியத்துக்கோ வெளியே இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, எடுப்பது லேசு.

"சோடியம்தான். ரொம்ப அதிகம்."

"நிச்சயமா?"

"பயமா இருக்கு. ஆனா சோடியம்தான்."

அவர் மறுபடி குறித்தார். அவள் கை அழிப்பானைத் தொட்டது, ஆனால் எடுக்கவில்லை.

வெளியே அனுப்பி, அவர்கள் இருவரும் பேசி முடித்து, திரும்பக் கூப்பிட்டு பன்னிரண்டுக்கு ஏழு மதிப்பெண் என்றார்கள். நல்ல தேர்ச்சி. விபெகே எழுந்து கட்டிக்கொண்டாள். கதவைத் திறந்தால் தாழ்வாரத்தில் ஈ காக்கை இல்லை. தானே செய்துகொண்ட ஏற்பாடுதான். இருந்தும் இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்தாள். போனை எடுத்தாள்.

"பிரேபென், பாஸாயிட்டேன். பரீட்சை இன்னைக்குத்தான்."



"ஏன்டி சொல்லலை? ஃபெயிலாகியிருந்தாலும் வந்து உன் பக்கத்துல நின்னிருப்பேனே."

"தெரியும்," என்றாள் போடில். "அப்பாவும் அன்னைக்கு அப்படித்தான் நின்னார். அதுக்குத்தான் பயந்தேன்."