மேடத்தின் இரண்டு வளையல்கள்

பாதியாக வெட்டிய கல்யாணப் பத்திரிகை ஒன்று என்னிடம் இருக்கிறது. வழவழப்பான வெள்ளை அட்டை. ஓரமாக மிளகு அளவுக்கு ஒரு கருகல், லேசர் பட்ட இடம். சேலத்தில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நான் உதவியாளராக இருந்தபோது, கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்க இப்படிப்பட்ட அட்டையைத்தான் குறுக்கே பிடிப்போம். ஒளி பட்ட இடம் நீலமாக மின்னும். "எந்த ஊட்டுக் கல்யாணத்துக்கும் போறதில்ல, பத்திரிகையாவது உபயோகப்படட்டும்" என்று, தனக்கு வந்தவற்றை எல்லாம் அங்கே பேராசிரியையாக இருந்த மேடம் கத்தரித்து இழுப்பறையில் அடுக்கி வைத்திருப்பார்.

மேடம் எருமப்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் ஆராய்ந்தது தண்ணீரை. மரபணுவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான அடினைன் என்ற சிறு மூலக்கூறில், தண்ணீர் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதுதான் அவருடைய கேள்வி. உடம்புக்குள் அதைச் சுற்றி எப்போதும் தண்ணீர்க் கூட்டம். எது எதைப் பிடித்திருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரே ஒரு அடினைனை ஒரே ஒரு தண்ணீர் மூலக்கூறோடு தனியாகப் பார்க்க ஆசைப்பட்டார். அடினைனைச் சூடாக்கி ஆவியாக்கி, கொஞ்சம் ஈரம் கலந்த ஹீலியம் வாயுவோடு ஊசித்துளை வழியாக வெற்றிடத்துக்குள் பீய்ச்சுவோம். அங்கே வாயு விரிவதால் உண்டாகும் கடுங்குளிரில் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். லேசரின் நிறத்தை இம்மி இம்மியாக மாற்றிக்கொண்டே போனால், எந்த நிறத்தை அந்த ஜோடி விழுங்குகிறது என்பதை வைத்து, தண்ணீர் எங்கே பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். "எங்கப்பாரு ரிக்கு வண்டி வெச்சு ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வரலீங்க. நான் ஒத்தைத் தண்ணிக்கு இத்தன பாடு படறேன்" என்று சிரிப்பார்.

லேசர் என்றால் கண்ணுக்குத் தனிக் கண்ணாடி வேண்டும். எங்களுக்கும் வாங்கியிருந்தார்கள். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு, உறைகூடப் பிரிக்காமல் துறைத்தலைவர் அறைப் பீரோவில் இருந்தன. சாவி அவர் சட்டைப்பையில். மேடம் கேட்ட ஒவ்வொரு முறையும் ஒரே பதில்தான்: "இம்போர்ட்டட் ஐட்டம்மா. கீறல் விழுந்துட்டா, கமிட்டி வர்றப்ப எதைக் காட்டறது?" ஒருநாள் மேடம் பொறுக்கமாட்டாமல், "கமிட்டிக்காரங்களுக்குக் கண்ணு கூசுமாட்டம் இருக்குதுங்க சார்" என்று சொல்லிவிட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். துறைத்தலைவர் அதை மறக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

விபத்து நடந்த அன்று துறைத்தலைவர் வீட்டுக் கல்யாணம். முதல்நாளே கண்ணாடியைக் கேட்டு வைத்திருந்தோம். "காலையில தரேன்" என்றவர் சாவியோடு மண்டபத்துக்குப் போய்விட்டார். போனை எடுக்கவில்லை. ஹீலியம் சிலிண்டர் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று நாளாகப் பம்பை ஓடவிட்டு வெற்றிடத்தைத் தயார் செய்திருந்தோம். மேடம் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வழக்கம்போல் கடிகாரத்தையும் இரண்டு தங்க வளையல்களையும் கழற்றி என்னிடம் நீட்டினார். "பையில போட்டு வெய்யுங்க சாமி. மினுக்கறது ஒண்ணும் கையில இருக்கக்கூடாது." நான் என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன். அந்தச் சத்தம்கூட இன்னும் காதில் இருக்கிறது.

புறஊதா ஒளிக்கு முன்னால் அதை உண்டாக்கும் பச்சை ஒளியைச் சரிசெய்ய வேண்டும். குறைந்த சக்தியில்தான் வைத்திருந்தார். லென்ஸைத் தாங்கும் கம்பியின் பளபளப்பான திருகில் பட்டு ஒளி தெறித்தது. மேடம் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, "லேசர ஆஃப் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கையை இடது கண்ணுக்கு மாற்றி என்னைப் பார்த்தார். "உங்க மூஞ்சி இருக்கற எடத்துல ஒண்ணுமே இல்லீங்க."

அந்தக் கண்ணின் நடுப்பார்வை திரும்பவில்லை. வளையல்களை ஆஸ்பத்திரியில் அவர் கையிலேயே கொடுத்தேன்.

விசாரணை என்று மூன்று பேர் வந்தார்கள். பீரோவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. மேடம் வளையல் அணிந்திருந்தார், அதில் பட்டு ஒளி தெறித்தது, கவனக்குறைவு என்று முன்கூட்டியே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார்கள். மேடம் என்னை அழைத்து, "உங்க பையிலதான இருந்துச்சு, அத மட்டும் சொல்லிருங்க சாமி" என்றார். துறைத்தலைவரும் அழைத்தார். "உனக்கு வேலை நிரந்தரம் ஆகணுமா இல்லியாம்மா?" மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. அவர்கள் கொண்டுவந்த தாளிலேயே நான் கையெழுத்துப் போட்டேன்.

வேலை நிரந்தரமானது. மேடம் நஷ்டஈடு இல்லாமல் கல்லூரியை விட்டுப் போனார். ஒரு பெண்ணின் வளையல்மேல் பழி போடுவது எவ்வளவு சுலபமாக இருந்தது அவர்களுக்கு! அவசரப்பட்டது மேடம்தான், மறுக்கவில்லை. ஆனால் கண்ணுக்காக வாங்கிய பொருளைக் கண்ணைவிட உயர்ந்ததாகப் பூட்டி வைத்தது யார்? அதை எழுத ஒரு வரிகூடவா இடமில்லை?

இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொன்னதில்லை. என் மகள் இப்போது வேறொரு ஊரில் லேசர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள். போன வாரம் போனில் பேசும்போது கண்ணாடி தருகிறார்களா என்று கேட்டேன். "இருக்குதும்மா, பீரோவுல. சாவி சார்கிட்ட." எனக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. கேட்டு வாங்கு என்றேன். "கேட்டா மொறைப்பாரும்மா. நீ வேற, சும்மா பயந்துக்கிட்டு." அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன், கையெழுத்தையும் சேர்த்து. பிறகு, "அவங்க கேட்டும் நீ சொல்லலியாம்மா?" என்றாள்.

நேற்று, சேந்தமங்கலம் தபால் நிலையத்திலிருந்து இரண்டு கடிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒன்று கல்லூரிக்கு, ஒன்று மேடத்துக்கு. இன்று காலை மகள் சாவி கேட்கப் போயிருக்கிறாள். இன்னும் போன் வரவில்லை.

அட்டை மடியில் இருக்கிறது. அன்று காலை மேடம் வெட்டியது துறைத்தலைவர் வீட்டுப் பத்திரிகையைத்தான். கருகலுக்கு மேலே முகூர்த்தத் தேதி, கீழே வரவேற்பவராக அவர் பெயர். சாவி அன்று எங்கே இருந்தது என்பதற்கு அந்த அச்சு போதும். வளையல்கள் எங்கே இருந்தன என்பதற்கு நான் மட்டுமே சாட்சி. கடிதத்தின் முதல் வரியாக அதைத்தான் எழுதினேன்: வளையல்கள் என் பையில் இருந்தன.