சின்னம்மாவின் ஆட்டுமுடி பிரஷ்கள்

சின்னம்மா என் அம்மாவைப் பார்த்துக் கத்திய அன்று, இனி ஆயுளுக்கும் அவரோடு பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. ஆயுள் என்பது அடுத்த தீபாவளி வரைக்கும்தான்.

அம்மாவின் தங்கையான அவர், சிலிபினில் இருந்த எங்கள் வீட்டில் தங்கிக் கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டு வந்தார். அவருடைய பிரஷ்கள் ஆட்டுமுடியில் செய்தவை. ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும், பேபி ஷாம்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் முடியின் நுனியை மட்டும் நனைத்து, உள்ளங்கையில் சுழற்றி, அலசி, துவாலையில் ஒற்றியெடுப்பார். கிருமி சாக ஸ்பிரிட்டை லேசாகத் தெளித்து, மேசை விளிம்பில் படுக்க வைத்துக் காயவிடுவார். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் உள்ளே இறங்கிப் பசை விட்டுவிடுமாம். என் தலைமுடிக்குக்கூட அந்த வீட்டில் அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, சுங்காயிலிருந்து ஒரு மணப்பெண்ணின் தாயார் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார்.

“எம் பொண்ணு மூஞ்சி பூரா பொரிப்பொரியா இருக்குலா! எத்தன பேரு மூஞ்சியில தேச்ச அழுக்கு பிரஷ்ஷோ?”

“ஒவ்வொரு வாட்டியும் கழுவி, மருந்தடிச்சுதான் ஆன்ட்டி எடுத்துட்டு வாரேன்,” என்றார் சின்னம்மா.

அந்தத் தாயார் அக்கம்பக்கம் கேட்க மேலும் கத்தினார். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. விடுவிடுவென்று சமையலறைக்குப் போய், கொதித்துக்கொண்டிருந்த கெட்டிலைத் தூக்கி வந்தார். “வேணாங்க்கா!” என்று சின்னம்மா பாய்வதற்குள், காய்ந்த பிரஷ்கள் நின்ற குவளையில் கொதிநீரை ஊற்றிவிட்டார்.

“இனிமே ஒரு கிருமியும் இருக்காது. போதுமா?”

“இத மொதல்லயே செஞ்சிருக்கணும்,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்மணி கிளம்பினார்.

சின்னம்மா ஒரு பிரஷ்ஷை எடுத்தார். முடி கொத்தாகக் கையோடு வந்தது. அப்போதுதான் கத்தினார்.

“அவங்க சொன்னாங்க, சரி. நீ ஏங்க்கா நம்புன?”

அன்று மாலையே சின்னம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு தாப்பாவிலிருந்த தோழி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் கன்னத்தைத் தொட வந்த கையை நான் தட்டிவிட்டேன். என் பால் போத்தலைக்கூட அம்மா அப்படித்தான் கொதிநீர் ஊற்றிக் கழுவினாராம். நல்லது செய்யப் போனவரிடம் இப்படியா கத்துவது? அம்மா எதை நம்பினார்? வெறும் தண்ணீரைத்தானே ஊற்றினார்!