மாமா நின்ற கோட்டை

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரில் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகும் என் தாய்மாமா அவர்கள் பட்டாளத்தில்தான் இருந்தார். நோர்மாந்தி என்ற பிரெஞ்சுச் சீமையில், பழைய கோட்டைக்குப் பக்கத்தில் ஜாகை கிடைத்திருப்பதாக எழுதினார். அம்மா குழாயடியில் சொல்லிச் சொல்லியே ஒரு வாரத்துக்குள் தம்பியைக் கோட்டைக்குள் குடியேற்றிவிட்டாள். ஊரில் உப்பளம் பகுதியிலிருந்து ஒரு ஜவுளி வியாபாரி பெண் கொடுக்க முன்வந்தார்.

விஷயத்தை மாமாவுக்கு எழுதியதும், பதிலாக ஒரு படம் வந்து சேர்ந்தது. ஒரு புல்மேடு, சுற்றிலும் பள்ளம், மேட்டு உச்சியில் மாமா, பக்கத்தில் ஒரு மாடு. கோட்டையைக் காணோம். அம்மா படத்தைப் புடவைகளுக்கு அடியில் திணித்துப் பெட்டியை மூடினாள். படத்தின் பின்னால் பிரெஞ்சில் சில வரிகள் இருந்தன. அம்மாவுக்குத் தெரிய வேண்டாத சங்கதி என்றால் மாமாவும் அப்பாவும் பிரெஞ்சில்தான் எழுதிக்கொள்வார்கள்.

பெண் பார்க்கப் புறப்பட்ட அன்று, அம்மா படத்தை மறந்துவிட்டாள் என்று நினைத்து, நல்ல பிள்ளையாக எடுத்துக் கவுனுக்குள் செருகிக்கொண்டேன். கேசரி தீருமுன்பே பெண்ணின் அப்பா கோட்டையைப் பற்றி விசாரித்தார். படம் இன்னும் வரவில்லை என்று அம்மா சொல்லி முடிப்பதற்குள் நான் எடுத்து நீட்டினேன். அம்மா கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது.

அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கோட்ட எங்கங்க? மாடுதான நிக்குது?"

அப்பா அசரவில்லை. கோட்டை மேலேயே நின்றால் கோட்டை எப்படித் தெரியும் என்றார். பின்னால் விவரமாக எழுதியிருக்கிறது என்று படத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒன்பது அறை, கல் படிக்கட்டு, வாசலில் காவல்காரன் என நிறுத்தி நிறுத்தி வாசித்தார். இத்தனையையும் அந்தச் சில வரிகளில் அடக்கிய பிரெஞ்சு மொழி மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

காபித் தட்டை வைத்துவிட்டு, பெண் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினாள். அவள் கன்னியாஸ்திரிகளிடம் பிரெஞ்சு படித்தவள் என்பது அப்போதுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். தை மாதக் குளிரில் மனுஷருக்கு வேர்த்துவிட்டது. பின்பக்கத்தை அவள் இரண்டு முறை படித்தாள். அப்புறம் திருப்பி, முன்பக்கத்தை நெடுநேரம் பார்த்துச் சிரித்தாள்.

"அவங்க படிச்ச மாதிரிதாம்பா எழுதியிருக்கு."

கல்யாணம் முடிந்தது. நானும் வளர்ந்து, பிரெஞ்சு படித்து, ஒருநாள் மாமியின் பெட்டியில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பின்னால் மாமாவின் கையெழுத்து: "கோட்டை என்றோ போய்விட்டது, மண்மேடுதான் மிச்சம். நான் இருப்பது கீழே ஒற்றை அறையில். பெண்ணிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதன் பிறகும் அவளுக்குச் சம்மதமானால் வருகிறேன்."

அதுவரைக்கும், அன்று அவள் மாட்டைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று நினைத்திருந்தேன்.