அக்கா புரட்டாசியில் நட்ட மருதாணி

அக்கா கண் மூடிய அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான். என் மனைவி. பக்கத்து வீட்டு பீவி அக்கா. அவர் கணவர், சாப்பாட்டுக் கடை பாய். அன்று கடையை அடைத்துவிட்டு வந்தார். துறைமுகத்தில் என்னோடு மூட்டை தூக்கும் மாரியப்பன். சங்கு ஊத வந்த பெரியவர்; கூலிக்கு வந்தவர்தான், ஆனாலும் அழுதார், அதனால் சேர்க்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கும் அஞ்சலை, இடுப்பில் கைக்குழந்தையோடு. வேறு யாரும் இல்லை.

பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார இடம் பற்றவில்லை. பந்தியில் ஒருவர் ரசத்துக்குக் கை ஏந்திக்கொண்டே சொன்னார்: "நல்ல மனுசிதான். என்னா, கைராசி கெடையாது."

பக்கத்து இலைக்காரர்கள் தலையாட்டினார்கள். இலை போட்ட இடத்தில் சண்டை கூடாது என்று நான் பேசாமல் இருந்தேன். இப்போது வருஷம் திரும்பிவிட்டது. பேசுகிறேன்.

அக்கா பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு ஊரில். அப்பாவும் அம்மாவும் காலராவில் போனபோது எனக்கு நடக்கத் தெரியாது. அக்காதான் சோறு ஊட்டினார். கல்யாணம் ஆகி அத்தான் கப்பலுக்குக் கூப்பிட்டபோது, "தம்பி வரலன்னா நானும் வரல" என்றார். அப்படித்தான் நான் பினாங்குக்கு வந்தேன். தண்ணீர்மலைக்குக் காவடி போகிற ரோட்டில் ஒரு பலகை வீடு. பின்னால் கொஞ்சம் மண்.

அத்தானின் தாயாருக்கு வீட்டில் ஒரு மருதாணி வேண்டும் என்று ஆசை. மகளுக்குக் கல்யாணம் வருகிறது, அடுத்த வீட்டில் போய் இலை கேட்கக் கூடாது என்றார். நல்ல ஆசைதான். ஊரிலிருந்து கப்பலில் வந்த பஞ்சாங்கத்தைப் பார்க்கச் சொல்லித் தையில் நாள் குறித்தார். வீட்டுக்கு வந்த மருமகள் கையால் நட வேண்டும் என்றார். அக்கா நட்டார். காய்ந்தது.

அடுத்த தையிலும் நடச் சொன்னார். காய்ந்தது.

"ஒங் கையில என்னாடி இருக்கு, நெருப்பா?"

"கையில ஒண்ணுமில்லீங்க அத்தை. மாசம் சரியில்ல."

"தை மாசமாடி சரியில்ல? தையையே குத்தம் சொல்ல வந்துட்டா!"

ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்யும். தையில் மண்ணுக்குள் ஈரம் இருக்கும். குச்சி பிழைக்கும். இது பினாங்கு. இங்கே தையில் மண் வெடித்துக் கிடக்கும். பஞ்சாங்கம் கப்பலில் வரும், மழை கப்பலில் வராது. இதை அக்கா ஒரு வருஷத்தில் தெரிந்துகொண்டார். பீவி அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டதும் இதைத்தான்:

"தைப்பூசத்துல காவடிக்காரங்க காலு சுடுதுன்னு ரோட்டுல கொடங்கொடமா தண்ணி ஊத்துறாங்க. அந்த மண்ணுல குச்சிய நட்டு வெச்சா, அதுக்கு என்னா வேண்டுதலா லா, பொறுத்துக்கிட்டு நிக்க?"

அக்கா சிரித்தார். அத்தானின் தாயார் சிரிக்கவில்லை. மூன்றாம் தையிலும் நடச் சொன்னார். காய்ந்தது. அந்த வருஷமே அத்தான் காய்ச்சலில் போனார். கொசுக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸர் சொன்னார். வீட்டில் சொன்னது வேறு. செடியைக் கருக்கின கை, புருஷனையும் கருக்கிவிட்டது என்றார்கள். அத்தானின் தாயார் வாயில் புறப்பட்டது, தெரு முழுக்கப் போயிற்று.

அந்தத் தாயாரும் இப்போது இல்லை. போனவரைக் குறை சொல்லக் கூடாது என்பீர்கள். அக்காவும் போனவர்தான்.

அந்த வருஷம் புரட்டாசியில் இரண்டு பெரிய மழை விழுந்தது. மறுநாள் அக்கா யாரையும் கேட்கவில்லை. சுண்டுவிரல் பருமனில் முற்றின குச்சியாக எடுத்தார். சமையல்கட்டுப் பக்கம் தண்ணீர் தேங்காத மேட்டில் மண்ணைக் கொத்தினார். இரண்டு கணு மண்ணுக்குள் போக, கொஞ்சம் சாய்த்து ஊன்றினார். வெயில் படாமல் மேலே ஒரு அத்தாப்பு ஓலையை, கூரை வேய்கிற ஓலையை, சாய்த்து வைத்தார். அவ்வளவுதான் வேலை.

அத்தானின் தாயார் வாசற்படியில் நின்று கத்தினார்.

"புரட்டாசியில மருதாணி நடுறாளே! யாரு கல்யாணத்துக்குடி நடுற?"

"மழை பேயுது. அதுக்கு நடுறேன்."

துளிர்த்தது. தை வரும்போது முழங்கால் உயரம். அந்த வெயில் அதை ஒன்றும் செய்யவில்லை. அதற்குள் வேர் கீழே போய்விட்டது. மறு வருஷம் வேலிக்கு மேலே நின்றது. அரைத்து வைத்தால் ரத்தச் சிவப்பு. அத்தானின் தாயார் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மண்ணு நல்ல மண்ணு."

காய்ந்தால் கை. தழைத்தால் மண். இது என்ன நியாயம்?

பிறகு தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் அந்தச் செடிதான். முறத்தோடு வருவார்கள். வந்து வேலியில் நின்று சொல்வார்கள்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நல்ல காரியம் பாருங்க. கதவைத் தெறந்து விட்டுட்டு நீங்க உள்ள போயிருங்க."

அக்கா திறந்துவிட்டு உள்ளே போவார். அவர் நட்ட செடி. அவர் தண்ணீர் ஊற்றிய செடி. பறித்து முடிக்கும் வரை அவர் முகம் வெளியே தெரியக் கூடாது. நான் சொல்வேன்:

"கதவைப் பூட்டுக்கா. எவளும் வர வேணாம்."

"பூட்டுனா அந்தப் பொண்ணுங்க கைதான் வெறுங்கையாப் போவும். நீ வேலைக்குப் போ தம்பி."

ஒருத்திதான் வேறு மாதிரி. அஞ்சலை தன் கல்யாணத்துக்கு முதல்நாள் தானே வந்தாள். "நீங்களே பறிச்சுக் குடுங்கக்கா" என்றாள். அவள் அம்மா முழங்கையைப் பிடித்து இழுத்தார். "விடும்மா, செடி நட்டவங்க கையில வாங்குனா என்னா இப்ப?" என்று அவள் நின்றாள். அக்கா முதலில் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஆனாலும் பறித்துக் கொடுத்தார். அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை, அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று. அக்காவையே அப்படி நம்ப வைத்துவிட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அஞ்சலைக்கு மூன்று பிள்ளைகள். புருஷன் கல் மாதிரி இருக்கிறார். கைராசி பார்க்கிறவர்கள் போய்ப் பாருங்கள்.

கடைசி மாதங்களில் அக்காவால் எழுந்திருக்க முடியவில்லை. பாயில் படுத்தபடி, "பூ விட்டுட்டா எலை சிறுத்துப் போவும், நுனியக் கிள்ளி விடு" என்பார். கிள்ளுவேன். ஆவணியில் போனார். அந்த வருஷத்து மழை அப்போது இன்னும் இறங்கவில்லை.

கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, துணி அலசிப் போட்ட பீவி அக்காவுக்கும், கூப்பிடாமலே வந்து பார்த்த டிரெஸ்ஸருக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த மாரியப்பனுக்கும் பாய்க்கும், துணிந்து கை நீட்டிய அஞ்சலைக்கும் எங்கள் வீடு கடமைப்பட்டிருக்கிறது. மற்றவர்களுக்கும் நன்றி எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை.

செடி இருக்கிறது. குச்சி வேண்டும் என்பவர்கள் புரட்டாசியில், மழை இறங்கியதும் வாருங்கள். தையில் வராதீர்கள். கதவை நான் திறப்பேன். உள்ளே போகமாட்டேன்.

பீவி அக்காவும் நானும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தோம். அக்காவின் செடியில் இலை பறித்துப் போன கல்யாண வீடுகள்: நாற்பத்தொன்று.