ஆட்சேபணை அத்தை

கடலோரத்தில் இறால் குட்டை வெட்ட யார் அனுமதி கேட்டாலும், பக்கத்தில் குடியிருப்பவர் ஆட்சேபித்தால் எங்கள் ஆபீஸிலிருந்து ஓர் ஆள் நேரில் போய்க் கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். விதி அப்படி. அந்த விதியை எங்களைவிடக் கரைத்துக் குடித்தவர் ஆட்சேபணை அத்தை. பட்டப்பெயர் ஆபீஸ் வைத்தது.

படகுத்துறையில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வெளிநாட்டில். சுற்றியிருந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக் குட்டைகளாகிவிட்டன. எந்த விண்ணப்பம் வந்தாலும் அத்தையின் ஆட்சேபணை முதல் ஆளாக வந்து நிற்கும். "அந்தத் தலைவலியப் பாத்துட்டு வாம்மா" என்று மேலதிகாரி என் தலையில் கட்டிவிடுவார்.

போனால் தலைவலி ஒன்றும் இருக்காது. தேநீர் தயாராக இருக்கும். நான் சோதித்து முடிப்பதற்குள் முட்டிவலி, மகனின் கல்யாணம், கூரையில் குடும்பம் நடத்தும் பூனை எல்லாம் பேசித் தீர்த்துவிடுவார். தண்ணீர் எப்போதும் நல்ல தண்ணீர்தான்.

இந்த முறை வந்தது அந்தப் பக்கம் மிச்சமிருந்த கடைசி நிலத்துக்கான விண்ணப்பம். அத்தை தன் கிணற்றிலிருந்து இறைத்து வைத்திருந்த வாளித் தண்ணீரில் கருவியை விட்டதும் உப்பின் அளவு எகிறியது. கூட வந்திருந்த நிலத்துக்காரர் முகம் செத்துவிட்டது. கிணற்றில் உப்பு ஏறியிருந்தால் புதுக் குட்டைக்கு அனுமதி கிடையாது. நான் மாதாமாதம் வந்து சோதிக்கவும் வேண்டும்.

எனக்கு என்னவோ உறுத்தியது. நானே கயிற்றை விட்டு இன்னொரு வாளி இறைத்தேன். கிணறு பழையபடி நன்றாகவே இருந்தது. முதல் வாளியின் அடியில் கரையாத கல்லுப்பு கிடந்தது.

கோபம் சுர்ரென்று ஏறியது. "என்ன அத்தை இது? ஒரு மனுஷன் பொழப்புல மண்ணப் போடப் பாத்தீங்களே!"

"அவர் பொழப்ப நான் நினைக்கவே இல்லம்மா. மாசாமாசம் நீ வருவேன்னு மட்டுந்தான் நினைச்சேன்."

நிலத்துக்காரர் வாசலுக்குப் போய்விட்டார். நான் 'நல்ல தண்ணீர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ இனிமே உனக்கு இங்க வேலை இல்ல."

"இல்ல அத்தை."

"வேலை இல்லாம வரக்கூடாதுன்னு உங்க விதியில இருக்கா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்போ வருவியா?"

வருவேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்துவிடுவேன். என் லட்சணம் எனக்குத் தெரியும். கருவியைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அத்தை என்னை ரொம்ப நேரம் திணறவிடவில்லை.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்பு" என்றார்.