அக்கா காலில் இருந்த முள்

போன மாதம் முழுக்க நான் தொப்பியும் முழுக்கைச் சட்டையுமாகத் திரிந்ததைப் பார்த்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் எழுத்தைப் படிக்கும் வாசகர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் பயம் எனக்கு.

கன்னத்தில் ஒரு மச்சம். சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஆனால் செல்போனில் தோல் புற்றுநோய் பற்றி ஒரு வீடியோ பார்த்த நாளிலிருந்து அது வளர்வதாகவே தோன்றியது. மெலனோமாவாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களில் வருமாம். வெயில் ஆகாதாம். எங்கள் ஊரில் இருந்துகொண்டு வெயில் ஆகாது என்றால் எங்கே போவது? கல்வராயன் மலைக்குக் குடிபோகலாமா என்றுகூட யோசித்தேன். அங்கேயும் அதே சூரியன்தான்!

கடைசியில் தோல் டாக்டரிடம் கிளம்பினேன். துணைக்கு அக்கா. வடக்கனந்தலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்குப் போகிறவள். அறுபதை நெருங்குகிறேன்... ஆஸ்பத்திரி என்றால் இன்னும் எனக்கு அக்கா வேண்டும். அவள் லேசாக நொண்டிக்கொண்டே வந்தாள்.

“இன்னும் அந்த முள்ளா?”

“உள்ளயே நின்னுகிச்சுடா. எருக்கம்பால் வெச்சிக்கினுதான் இருக்கேன். வருவேனாங்குது.”

வெறுங்காலோடு வயலில் இறங்குகிறவர்களுக்குக் குதிகாலில் கறுப்பாக எது தெரிந்தாலும் அது முள்தான். வைத்தியம் எருக்கம்பால். பொங்கலுக்குப் போயிருந்தபோது நானே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊக்கால் நோண்டிப் பார்த்தேன். முள் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. “ஆழமா போயிருக்கு” என்று பெரிய நிபுணர் மாதிரி சொல்லிவிட்டு வடை தின்னப் போய்விட்டேன்.

டாக்டரம்மா என் மச்சத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“சாதாரண மச்சம்தாங்க. பயப்படாதீங்க.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்தேன். டாக்டர் எழவில்லை. அக்கா நின்ற விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால்ல என்னம்மா?”

“முள்ளுங்க.”

“காட்டுங்க.”

டாக்டர் முன்னால் காலைத் தூக்குவதா? அக்கா புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். டாக்டரே கீழே குனிந்து உட்கார்ந்து, அந்தக் காலைக் கையில் வாங்கிக்கொண்டார். இந்த முறை லென்ஸ் நகரவே இல்லை.

“முள்ளு குத்தினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

அக்கா யோசித்தாள். “இல்லீங்க. கறுப்பா இருந்துது... முள்ளுன்னு நெனச்சிக்கினேன்.”

“ஏன் டாக்டர், வெயிலே படாத இடமாச்சே?” என்றேன். சட்டம் பேசினால் நோய் ஓடிவிடும் என்ற நினைப்பு!

“வெயிலால வர்றது ஒரு வகைங்க. வெளுத்த தோல்காரங்களுக்கு அது ஜாஸ்தி. நம்ம தோல் நிறம் அதை ஓரளவு தடுக்குது. ஆனா உள்ளங்கை, உள்ளங்கால், நகத்துக்கு அடியில வர்றது வேற வகை. அதுக்கு வெயில் காரணம் இல்ல. நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வந்தா, அங்கதான் அதிகமா வருது. இது அதுதான்னு இப்ப சொல்ல முடியாது. கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்.”

அடுத்து நான் கேட்ட கேள்வி இது: “பரம்பரையா வருமா டாக்டர்? கூடப் பிறந்தவங்களுக்கு?”

அக்காவின் கால் இன்னும் டாக்டர் கையில்தான் இருந்தது. அவள் பிழைப்பாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டது இதைத்தான்.

“சில குடும்பங்கள்ல ஜீன் வழியா வர்றது உண்டு. ஆனா கம்மிதான். பாதத்துல வர்ற வகைல, பெரும்பாலும் ஜீன் கோளாறு பிற்பாடு அந்த இடத்து செல்லுலயே உண்டாகறது. அப்பா அம்மா கொடுத்தது இல்ல. ஏன் உண்டாகுதுன்னு இன்னும் சரியா தெரியல. நீங்களும் ஒரு தடவை காலைப் பார்த்துக்குங்க, தப்பில்ல.”

அன்றைக்கே சதை எடுத்து அனுப்பினார்கள். பன்னிரண்டு நாள் காத்திருந்தோம். போன் அடித்தால் பாதிச் சோற்றிலேயே எழுந்து ஓடினேன். அக்கா ஒருமுறை கூப்பிட்டு, “நடவு ஆரம்பிச்சிட்டாங்கடா, எறங்கட்டா?” என்று கேட்டபோது கத்திவிட்டேன்.

ரிசல்ட் வந்தது. அது முள் இல்லை.

ஆழம் கம்மியாம், அதுவரைக்கும் நல்லதாம். வரும் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான் சொல்வார்களாம். உங்கள் வீட்டிலும் யாராவது ஆறாத கறுப்புக்கு எருக்கம்பால் வைத்துக்கொண்டிருந்தால்... தயவுசெய்து டாக்டரிடம் காட்டுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை வடக்கனந்தல் போய் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் என் காலைப் பார்த்தாள்.

“செருப்பக் கழட்டு” என்றாள்.

“எதுக்கு?”

“அன்னிக்கி நீதான கேட்ட... கூடப் பொறந்தவங்களுக்கு வருமான்னு. காலக் காட்டு.”

என் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என் மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தாள். நகங்களையும் விடவில்லை.

“உனக்கு ஒண்ணும் இல்லடா” என்று சிரித்தாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.